எல் போர்டு: சடங்கு அல்ல, பாடமே!

(தலைப்பு: புதிதாக வண்டி ஓட்ட வருபவருக்கு எல்.எல்.ஆர். என்பது வெறும் சடங்கே! வாழ்க்கைப் பாடமே! – 'பாடமே' அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. "எல்.எல்.ஆர். என்னங்க பெரிய எல்.எல்.ஆர்.? ஒரு போட்டோ, ஒரு கையெழுத்து, நாலு கேள்வி. டிரைவிங் ஸ்கூல்காரர் எல்லாத்தையும் பார்த்துக்குவார். கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு தேடி வந்து கொடுத்துட்டுப் போயிடுவார். இது வெறும் சடங்குதானே?"ன்னு கேட்டாங்க. கைதட்டலும் வாங்கினாங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன் ஐயா. தாலி கட்டுறதும் சடங்குதான். அதுக்காக அன்னைக்கோட முடிஞ்சு போச்சா? (சிரிப்பு) அதுக்கப்புறம்தானே ஐயா பாடமே ஆரம்பிக்குது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: உங்களுக்கு எத்தனை வருஷமாப் பாடம் நடக்குது?

இருபத்தாறு வருஷம் ஐயா. இன்னும் எல் போர்டு எடுக்கலை. (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வர்றேன். எல்.எல்.ஆர்.னா என்ன? நல்ல தமிழிலே பழகுநர் உரிமம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதைப் பற்றி என்ன சொல்லுது? அந்த உரிமம் ஆறு மாசம் செல்லும். வாங்கி 30 நாள் ஆகாம ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. ஓட்டும்போது பக்கத்திலே முழு லைசென்ஸ் வச்சிருக்கிற ஒருத்தர் கத்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கணும். சும்மா முறுக்கு சாப்பிட்டுக்கிட்டு உட்காரக் கூடாது. தேவைப்பட்டா வண்டியை நிறுத்துற மாதிரி இடத்திலே உட்காரணும். வண்டிக்கு முன்னாலேயும் பின்னாலேயும் வெள்ளைப் பலகையிலே சிவப்பு எழுத்திலே எல். பலகை எவ்வளவு பெரிசு? 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. பொட்டு அளவுக்கு ஒட்டிக்கிட்டுப் போறதெல்லாம் செல்லாது. (சிரிப்பு)

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வேற எந்தப் படிப்புக்காவது, "எனக்கு இன்னும் முழுசாத் தெரியாதுங்க"ன்னு முன்னாலேயும் பின்னாலேயும் எழுதி மாட்டிக்கிட்டுத் தெருவிலே போகச் சொல்றாங்களா? டாக்டருக்குப் படிக்கிறவர் நெத்தியிலே எல் ஒட்டிக்கிட்டு ஊசியோட வந்தா நாம கையைக் காட்டுவோமா? கட்டிலுக்கு அடியிலே போயிடுவோம்! (சிரிப்பு) தெரியாததைத் தெரியாதுன்னு ஊரறியச் சொல்லு, அதுக்கு அப்புறம் கத்துக்கோன்னு சட்டமே எழுதி வச்சிருக்கு. இதைப் போயி சடங்குன்னு சொல்றீங்களே, நியாயமா? (கைதட்டல்)

ஒரு வரலாறு சொல்றேன். 1888-லே ஜெர்மனியிலே கார்ல் பென்ஸ் என்கிற மனுஷன், தான் செஞ்ச மோட்டார் வண்டியை ரோட்டிலே ஓட்டினார். "என்னய்யா இது, ஒரே சத்தம், ஒரே நாத்தம்"னு ஊர் ஜனங்க புகார் பண்ணிட்டாங்க. அவர் அரசாங்கத்துக்கிட்டே போயி எழுத்து மூலமா அனுமதி வாங்கினார். உலகத்தின் முதல் ஓட்டுநர் உரிமம்னு அதைத்தான் சொல்றாங்க. அதே மாசத்திலே, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் என்ன பண்ணாங்க தெரியுமா? வீட்டுக்காரருக்குச் சொல்லாம, ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு, அந்த வண்டியிலே 100 கிலோமீட்டருக்கு மேலே அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க! (பலத்த சிரிப்பு) அனுமதி வீட்டுக்காரருக்கு, ஓட்டினது வீட்டுக்காரம்மா! (கைதட்டல்)

எதிரணியிலே உடனே கையைத் தட்டுறாங்க பாருங்க. "லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினாங்களே!"ன்னு. அவசரப்படாதீங்க. அன்னைக்கு அந்த ரோட்டிலே மோட்டார் வண்டின்னா அது ஒண்ணுதான். மோதணும்னா மரத்திலேதான் மோதணும். (சிரிப்பு) இன்னைக்கு நம்ம ரோட்டிலே இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ, எதிரே ராங் சைடிலே ஒருத்தர், நடுவிலே ஒரு மாடு. அதுவும் வாலை ஆட்டிக்கிட்டு, "நீ சுத்திக்கிட்டுப் போ"ன்னு நிக்குது. (சிரிப்பு) இங்கே கத்துக்காம இறங்கலாமா?

சரி, அந்த எல்.எல்.ஆர். பரிட்சையிலே என்ன கேட்கிறாங்க? முதல்லே சாலைச் சின்னங்கள். மூணு வடிவத்தை ஞாபகம் வச்சுக்கிட்டாப் பாதிப் பாடம் முடிஞ்சுது. வட்டமா இருந்தா கட்டளை. மீறினா அபராதம். முக்கோணமா இருந்தா எச்சரிக்கை. வளைவு வருது, பள்ளிக்கூடம் வருது, பார்த்துப் போன்னு அர்த்தம். செவ்வகமா இருந்தா தகவல். பெட்ரோல் பங்க் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்குன்னு சொல்லும்.

இதை நான் எப்படி மனப்பாடம் பண்ணினேன் தெரியுமா ஐயா? எங்க வீட்டை வச்சுத்தான். என் மனைவி சொல்றது வட்டம். கட்டளை. மீறினா அபராதம். (சிரிப்பு) எங்க அம்மா சொல்றது முக்கோணம். "அவ கோபமா இருக்காடா, பார்த்து உள்ளே போ." எச்சரிக்கை! (பலத்த சிரிப்பு) நான் சொல்றது செவ்வகம். வெறும் தகவல். பார்த்தாலும் சரி, பார்க்காட்டாலும் சரி. (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: நல்லவேளை, உங்க வீட்டிலே எட்டுக்கோணம் இல்லை.

இருக்கு ஐயா. எட்டுக்கோணம்னா 'நில்'. அது என் மாமனார். (பலத்த சிரிப்பு)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்தாப்லே கேட்கிற கேள்விகளைப் பாருங்க. ஜனங்க ரோட்டைக் கடக்கக் கோடு போட்ட இடத்திலே காத்துக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க என்ன செய்யணும்? ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போயிடணுமா, வேகத்தைக் குறைச்சு ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போகணுமா, இல்லே நிறுத்தி, அவங்க கடந்த பிறகு போகணுமா? பரிட்சையிலே எல்லாரும் மூணாவதைத்தான் தொடுறாங்க. வெளியே வந்து ரோட்டிலே எல்லாரும் முதலாவதைத்தான் செய்யறாங்க! (கைதட்டல்) இன்னொரு கேள்வி. குறுகலான பாலம், எதிரே ஒரு வண்டி ஏறப் போகுது, நீங்க என்ன செய்யணும்? அது கடக்கிற வரைக்கும் நிக்கணும். பார்வை இல்லாத ஒருத்தர் வெள்ளைக் கோலை நீட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கிறார். அந்தக் கோலை என்னன்னு நினைக்கணும்? வண்டியை நிறுத்தச் சொல்ற போக்குவரத்துச் சின்னமா நினைக்கணும்.

என்ன அற்புதமான பாடம் பாருங்க ஐயா! நடந்து போறவனுக்கு வழி விடு, எதிரே வர்றவனுக்கு வழி விடு, கண் தெரியாதவனுக்கு நில்லு. இதிலே கிளட்ச், கியர், பிரேக் ஏதாவது வருதா? ஒண்ணும் வரலே. வண்டியைத் தொடுறதுக்கு முன்னாலே மனுஷனைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்குது அந்தப் பரிட்சை. நூத்துக்கு அறுபது எடுத்தா பாஸ்னு விதி சொல்லுது. நாம அறுபது எடுத்ததும் மீதி நாற்பதை மறந்துடறோம். கொஞ்ச நாளிலே அந்த அறுபதும் போயிடுது. (சிரிப்பு) படிச்சதை மறந்தவன் மேலே தப்பா, பாடத்து மேலே தப்பா?

விண்ணப்பத்தோட நாமளே எழுதிக் கொடுக்கிற ஒரு உறுதிமொழி இருக்கு. அதிலே ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்திலே 25 மீட்டர் தூரத்திலே இருக்கிற காரோட நம்பர் பிளேட்டை உன்னால படிக்க முடியுமா? முடியும்னு டிக் அடிக்கிறோம். எத்தனை பேர் வாசல்லே நின்னு ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்திருக்கோம்? கல்யாண வீட்டிலே அடுத்த பந்தியிலே என்ன ஸ்வீட் வைக்கிறான்னு மட்டும் நல்லாத் தெரியுது! (சிரிப்பு)

"எல்லாத்தையும் ஏஜென்ட் பார்த்துக்கிறார், அப்புறம் என்ன பாடம்?"னு எதிரணி கேட்கிறாங்க. பையனுக்குப் பதிலா அடுத்தவன் பரிட்சை எழுதினா, பள்ளிக்கூடம் வெறும் சடங்குன்னு சொல்லுவீங்களா, பையனைக் கண்டிப்பீங்களா? இப்போ பரிவாஹன் இணையதளத்திலே நாமளே விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் தெரியாதவங்க இ-சேவை மையத்துக்குப் போகலாம். வழி திறந்துதான் இருக்கு. நமக்குத்தான் குறுக்கு வழியிலே போயி பழக்கம். டூவீலருக்கு 8 போடச் சொல்லுவாங்க. வண்டியை வளைச்சு 8 போடுறதுக்கு முன்னாலே, சட்டத்தை வளைச்சு 8 போட்டுடறோம்! (கைதட்டல்)

இன்னொரு நண்பர், "எங்க தாத்தா லைசென்ஸ் இல்லாமலே அறுபது வயசு வரைக்கும் ஓட்டினார், ஒண்ணும் ஆகலே"ன்னார். சந்தோஷம். தாத்தா ஓட்டினது மாட்டு வண்டியா இருக்கும். (சிரிப்பு) இப்போ ஒரு கணக்கைக் கேளுங்க. சிரிக்க முடியாத கணக்கு. 2022-ஆம் வருஷம் நம்ம தமிழ்நாட்டிலே நடந்த சாலை விபத்துகள் 64,105. அந்த வருஷம் எண்ணிக்கையிலே இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு. செத்துப் போனவங்க 17,884 பேர். வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு டவுன் பஸ்ஸிலே உட்கார்ந்து போற அளவுக்கு ஆட்கள், காலையிலே "போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினவங்க, சாயந்திரம் வரலே. ஒரு நாள் இல்லே, ரெண்டு நாள் இல்லே, வருஷம் பூரா தினமும். அதே வருஷம் நாடு முழுக்க ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029 பேர். இவங்க எல்லாரும் ஓட்டத் தெரியாதவங்களா? வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்கதான் ஐயா நிறையப் பேர். அப்போ எதைக் கத்துக்காம விட்டோம்?

பத்தாவது பாஸ் பண்ணிட்டான்னு பையனுக்கு பைக் வாங்கிக் கொடுக்கிற அப்பாமார்கள் இங்கேயும் இருப்பீங்க. கொஞ்சம் கேட்டுக்குங்க. சட்டப்படி மோட்டார் வண்டிக்கு 18 வயசு. 16 வயசுக்கு அனுமதி உண்டு, ஆனா 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குத்தான். இன்னைக்குக் கடையிலே நிக்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேலே. 2019-லே சட்டத்தைத் திருத்திட்டாங்க. 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினா, பெத்தவங்களோ வண்டிக்குச் சொந்தக்காரரோ 3 வருஷம் வரைக்கும் ஜெயிலுக்குப் போகலாம், 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்.எல்.ஆரே கிடையாது. பையன் பெண் பார்க்கப் போகும்போது, அப்பா ஓட்ட, மாப்பிள்ளை பின்னாலே பழத்தட்டோட உட்கார்ந்து போகணும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பிள்ளை கேட்டான், கொடுத்தேன்னு சொல்றது பாசம் இல்லே ஐயா. "இன்னும் ரெண்டு வருஷம் பொறுடா, எல்.எல்.ஆர். எடுத்து, நானே பக்கத்திலே உட்கார்ந்து கத்துக் கொடுக்கிறேன்"னு சொல்றானே, அவன்தான் அப்பன். (கைதட்டல்)

இப்போ ஒரு அக்கா கதை சொல்றேன். எங்க தெருவிலே நடந்தது. அந்த அக்காவுக்கு வயசு 47. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரி, மாமியாருக்கு மூச்சுத் திணறல். வாசல்லே கார் நிக்குது. சாவி ஆணியிலே தொங்குது. ஓட்ட ஆள் இல்லே. 108-க்குப் போன் பண்ணி, வண்டி வர்ற வரைக்கும் கிழவியை மடியிலே சாய்ச்சுக்கிட்டு, அந்தச் சாவியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. வண்டி வந்துது, பெரியம்மா பிழைச்சுக்கிட்டாங்க. ஆனா அந்தச் சாவி இவங்க மனசை விட்டுப் போகலே.

வீட்டுக்காரர் வந்ததும், "எனக்கு எல்.எல்.ஆர். போடணும்"னாங்க. அவர், "இந்த வயசிலே உனக்கு எதுக்கு? நான்தான் இருக்கேனே"ன்னார். அதுக்குப் பதில் சொன்னது யார் தெரியுமா? மாமியார்! "நீ இருந்தியாடா அன்னைக்கு?" (கைதட்டல்) அவ்வளவுதான். மறுநாள் விண்ணப்பம் போட்டாச்சு.

அடுப்பிலே ஒரு கண்ணு, கேள்விப் புத்தகத்திலே ஒரு கண்ணுமாப் படிச்சாங்க. பாஸ் பண்ணாங்க. எல் போர்டு மாட்டியாச்சு. விதிப்படி பக்கத்திலே லைசென்ஸ்காரர் உட்காரணுமே, வீட்டுக்காரர் உட்கார்ந்தார். மூணாவது நாள், வழக்கப்படி கத்த ஆரம்பிச்சார். "கிளட்ச்! கிளட்ச்! உனக்கு ஒண்ணும் தெரியாது!" அந்த அக்கா வண்டியை ஓரமா நிறுத்தினாங்க. கை பிரேக் போட்டாங்க. நிதானமாச் சொன்னாங்க: "எனக்குத் தெரியாதுன்னு முன்னாலேயும் பின்னாலேயும் எழுதியே மாட்டியிருக்குங்க. நீங்க புதுசாச் சொல்ல வேண்டாம். எப்படின்னு சொல்லுங்க." (நீண்ட கைதட்டல்)

அன்னையிலேர்ந்து அவர் கத்தலே. லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, முதல் சவாரியா யாரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க தெரியுமா? மாமியாரைத்தான், ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரச் செக்கப்புக்கு. பெரியம்மா பின் சீட்டிலே மகாராணி மாதிரி உட்கார்ந்து, தெருவிலே எல்லாருக்கும் கையை ஆட்டிக்கிட்டுப் போனாங்க. (கைதட்டல்) அந்த அக்காவுக்கு எல்.எல்.ஆர். சடங்கா, சொல்லுங்க?

நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்லே. 1991-லே புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்திலே, எழுத்துப் படிச்ச கிராமத்துப் பெண்கள் கூடவே சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. கேலி பண்ணினாங்க. கேட்டாங்களா? தண்ணிக்கும், வேலைக்கும், படிப்புக்கும் அவங்களே மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. 1993-லே கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மா அரசு பஸ்ஸிலே ஓட்டுநரா உட்கார்ந்தாங்க. பஸ் ஓட்டுற உரிமம் வேணும்னாலும் சட்டப்படி முதல் படி பழகுநர் உரிமம்தான். எவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவரும் முதல்லே ஒரு எல் போட்டுத்தான் ஆகணும். (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுக்கிறேன் ஐயா. மஞ்சள் விளக்கு எரிஞ்சிடுச்சு. நம்ம ஆளுங்க மஞ்சளைப் பார்த்தா வேகமாப் போவாங்க. நான் பாடம் படிச்சவன், நிறுத்திக்குவேன். (சிரிப்பு)

"வெறும் காகிதம்"னு சொன்னாங்களே, அதுக்கு ஒரே பதில். விபத்து நடந்தா, ஓட்டினவர் கையிலே எல்.எல்.ஆர். மட்டும்தான் இருந்துது, இன்சூரன்ஸ் பணம் கொடுக்கணுமான்னு ஒரு கேள்வி வந்துது. 2004-லே ஸ்வரன் சிங் வழக்கிலே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, பழகுநர் உரிமமும் முறையான உரிமம்தான்னு. அதுக்காக நிபந்தனையை விட்டுடலாம்னு அர்த்தம் இல்லே. நாட்டின் உச்ச நீதிமன்றமே மதிக்கிற உரிமத்தை, அதை வாங்கின நாம மதிக்க வேண்டாமா?

கடைசியா, லைசென்ஸ் வாங்கி வருஷக் கணக்காச்சுன்னு நெஞ்சை நிமிர்த்தி ஓட்டுற நமக்கு ஒரு வார்த்தை. முன்னாலே ஒரு எல் போர்டு வண்டி மேட்டிலே நின்னு போச்சு. நாம என்ன செய்யறோம்? ஹார்ன் மேலேயே கையை வச்சுக்கிட்டு ஊரையே எழுப்பறோம். உள்ளே உட்கார்ந்திருக்கிறது யாரோ ஒரு வீட்டுப் பொண்ணு. கை வேர்க்குது, கால் நடுங்குது. நாம அடிக்கிற ஹார்னிலே அது ரெண்டாவது தடவையும் ஆஃப் ஆகும். பத்து விநாடி பொறுத்தா அது தானே ஏறிடும் ஐயா. அந்தப் பத்து விநாடியைக் கொடுங்கன்னுதான் அந்தச் சிவப்பு எழுத்து நம்மகிட்டே கேட்குது. கத்துக்கிறவனுக்குப் பாடம் 30 நாள். அவனைப் பார்த்துப் பொறுத்துப் போற பாடம் நமக்கு எல்லா நாளும்.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, தெரியாததை ஒத்துக்கச் சொல்லி, தெரிஞ்சவரைப் பக்கத்திலே வச்சுக்கச் சொல்லி, எதிரே வர்றவனுக்கு வழி விடச் சொல்லிக் கொடுக்கிற எல்.எல்.ஆர்., சடங்கு அல்ல, பாடமே பாடமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் எனக் கேட்டு, எல்லாரும் வீட்டுக்குப் பார்த்து, மெதுவா, ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க என்று வேண்டி விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)